கடற்சிங்கம் சொன்ன சொல்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

நியூசிலாந்துக் கடற்கரையில் இறங்குமுன் ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். கடற்சிங்கங்கள் கத்துவதை அது தமிழிலேயே சொல்கிறது. நம் திருநெல்வேலிப் பேச்சை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மணலில் கிடந்த பெரிய ஆண் ஒன்று, "தள்ளிப் படுல, வெயில மறைக்காத" என்றது.

"நம்ம சித்தப்பா மாதிரியே பேசுதான் பாரு" என்றார் இவர். அமலி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது ஒரு குட்டி தவழ்ந்து வந்து, படுத்திருந்த ஒரு தாயிடம் பால் தேடியது. தாய் அதை மோந்து பார்த்தது. பிறகு கடித்துத் தூக்கி எறிந்தது.

"நீ எம் புள்ள இல்ல. போ அங்கிட்டு."

அப்படியே நம் வீட்டுப் பெண்கள் பேசுவது போல இருந்தது, அக்கா. குட்டி மறுபடியும் வந்தது. தாய் மறுபடியும் அதையே சொன்னது.

அமலி எங்களுக்குத் தத்து வந்த பிள்ளை என்பதைப் போன வாரம்தான் அவளிடம் சொல்லியிருந்தோம். அவள் மனம் தெளியட்டும் என்றுதான் இந்தப் பயணமே.

அவள் காதிலிருந்து கருவியைப் பிடுங்கினேன். அவள் அழவில்லை. தன் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாத்துச் சொல்லும்மா" என்றாள்.