நீச்சல் குளத்தில் ஒரு நாற்காலி

"நான் எழுந்திருக்க மாட்டேன். வேணும்னா என் மேலயும் சேத்து பெயின்ட் அடிச்சுக்கோங்க."

தண்ணீர் இல்லாத நகராட்சி நீச்சல் குளத்தின் ஆழமான மூலையில், மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் ரோவீனா ஹால்ஸ்டெட். மடியில் பிளாஸ்க் நிறைய காபி. காலடியில், கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

கரையில் நின்ற டுவேன் கிராவிட்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரின் பூங்காக்களுக்கும் விளையாட்டு இடங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. குளத்தைப் புதுப்பிக்க மாநில அரசிடம் நிதி கேட்டு, மாலை ஐந்து மணிக்குள் படங்களோடு விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். ஆழமான மூலையிலிருந்துதான் பூச்சைத் தொடங்க வேண்டும்; ரோவீனா நகராததால் இன்னும் ஒரு சுவர்கூடப் பூசி முடியவில்லை.

"போலீஸைக் கூப்பிடப் போறேன் மேடம்."

"தாராளமா. வரும்போது அவரையே ஒரு நாற்காலி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இதுல ஒருத்தர்தான் உக்கார முடியும்."

பெயின்ட் உருளையோடு ஏணியில் நின்றிருந்த மார்லிஸ் சிரிக்கவில்லை. ஊர் நீச்சல் அணிக்கு அவள்தான் கோச். குளத்தை மூடியதிலிருந்து இரண்டு கோடையாக, விடிவதற்கு முன்பே பதினான்கு பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி நாற்பது மைல் கூட்டிக்கொண்டு போகிறாள். இந்த முறையும் நிதி வராவிட்டால் குளத்தை மண் போட்டு மூடி, கார் நிறுத்தும் இடமாக்குவது என்று நகர மன்றம் ஓட்டெடுத்து முடிவு செய்தாகிவிட்டது.

ரோவீனா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போன வருடம்தான் வேலி ஓரத்து வீட்டுக்குக் குடிவந்தவர். வந்த நாளிலிருந்து குளத்தின் விரிசல், துரு என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு நான்கு கடிதம் எழுதிவிட்டார். பிள்ளைகளின் சத்தம் இந்த அம்மாவுக்கு ஆகாது என்று ஊரே முடிவுகட்டியிருந்தது.

"சத்தம் பிடிக்கலைன்னா வீட்ட வித்துட்டுப் போங்க. எங்க குளத்த ஏன் கெடுக்கறீங்க?" என்றாள் மார்லிஸ்.

"கெடுக்கறது நான் இல்ல. உன் கையில இருக்கற உருளை."

இந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. வீடு சுத்தம் செய்ய ஆள் வரும் நாளில், அவள் வருவதற்கு முன்பே தாங்களே வீட்டைத் துடைத்து வைக்கிறவர்கள். அழுக்கு வீட்டை அடுத்தவர் பார்த்துவிட்டால் இவர்களுக்கு உயிரே போய்விடும்.

டுவேன் குளத்துக்குள் இறங்கி வந்தார். "மூணு வருஷம் முன்னாடியும் கேட்டோம் மேடம். ஒரு கோட்டிங் அடிச்சு, பூத்தொட்டி வெச்சு, புள்ளைங்கள புது நீச்சலுடையில நிக்க வெச்சுப் படம் அனுப்பினோம். மார்க் பத்தலன்னு ஒரே வரியில பதில் வந்துச்சு. அதான் இந்தத் தடவ ரெண்டு கோட்டிங்."

"விண்ணப்பத்துல பதினோராம் பக்கத்துல எட்டுப் படம் ஒட்டணும், இல்லையா?" என்றார் ரோவீனா.

"ஆமா. எட்டுலயும் குளம் பளபளன்னு இருக்கணும். தலைநகர்ல உக்காந்து பாக்கறவங்க நம்ம ஊரப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும். நான் எழுந்திருக்க மாட்டேன்."

மேயர் போனில் கெஞ்சினார். பாதியிலேயே ரோவீனா துண்டித்துவிட்டார். போலீஸ்காரர் நிஜமாகவே வந்தார். பொதுக் குளத்தில் பொதுஜனம் உட்காருவதற்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்று தெரியாமல், ரோவீனா ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மணி மூன்றைத் தாண்டியது. இனிமேல் பூசினாலும் காயாது. மார்லிஸ் உருளையை வீசி எறிந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி, இப்படியே படம் எடுக்கறேன். விரிசல், துரு, உடைஞ்ச படிக்கட்டு, ஒண்ணு விடாம எடுக்கறேன். பாத்து சிரிக்கட்டும். இந்தக் குளம் போச்சுன்னா உங்களாலதான் போச்சுன்னு ஊர் முழுக்கச் சொல்லுவேன்."

"சொல்லு. முதல்ல இந்த விரிசல எடு. நான் கைய உள்ள விட்டுக் காட்டறேன், ஆழம் தெரியும்."

கோபத்தில் எடுத்த படங்கள் எட்டும் பயங்கரமாக வந்திருந்தன. டுவேன் தலையில் கைவைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். விண்ணப்பத்தில் அவற்றைச் சேர்த்து, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அனுப்பிட்டேன். ஊர் மானம் போச்சு" என்றார்.

அதன் பிறகுதான் ரோவீனா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவங்க பணம் குடுக்கறது அழகா இருக்கற குளத்துக்கு இல்ல டுவேன், இடிஞ்சு கிடக்கற குளத்துக்கு. நகர மன்றக் கூட்டத்துல ஜனங்க பேசறதுக்குக் குடுக்கற மூணு நிமிஷத்துல, மூணு மாசமா இதத்தான் சொல்லிட்டிருக்கேன். ஒருத்தரும் காதுல வாங்கல."

"தலைநகர்ல மார்க் போடறவங்க மனசுக்குள்ள இருக்கறது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று சீறினாள் மார்லிஸ்.

காலையிலிருந்து மேயருக்கும் போலீஸுக்கும் குனியாத தலையை ரோவீனா இப்போது குனிந்துகொண்டார்.

"மூணு வருஷம் முன்னாடி உங்க படங்களப் பாத்துட்டு பூஜ்யம் போட்டது நான்தான்."