குளியலறையின் வாயை அடைத்தவள்

“அது கத்தட்டும்னு விட்டிருக்கலாம்ல! ஏம்மா அதோட வாயை அடைச்சே?”

மகிழினி போட்ட சத்தம் ஒன்பது மாடிக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தவளுக்கு அவ்வளவு தெம்பு.

அம்மா சுகன்யா தலை குனிந்து நின்றாள். இப்போதெல்லாம் எல்லார் வீட்டுக் குளியலறையும்தான் உடம்பைச் சோதித்துப் பார்த்துப் பேசுகிறது. இவர்கள் வீட்டுடையது ஒரு நாள், மகிழினி குளித்துவிட்டு வெளியே போனதும், “உதிரப்போக்கு அதிகம். கர்ப்பப்பையில் கட்டி, புற்று இல்லை. டாக்டரைப் பாருங்கள்” என்று உரக்கச் சொன்னது. வரன் பார்க்கிற நேரம். சுவருக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு அண்டை வீட்டுக்காரர்கள் நாங்கள் வேறு. மகள் காதில் விழுமுன்பே, எதைக் கண்டாலும் “எல்லாம் சாதாரணம்” என்று சொல்ல அதைப் பழக்கிவிட்டாள் சுகன்யா. மகளும் நம்பினாள், மயங்கி விழும்வரை.

“வரன் கலைஞ்சிடும்னு பயந்துட்டேன்டி.”

“நான் செத்திருந்தா கலைஞ்சிருக்காதா?”

கட்டியை எடுத்தார்கள். மகிழினி விஷயத்தை முதலிலேயே சொல்லித்தான் ஓசூர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். “எங்க அக்காவுக்கும் இருந்துச்சுங்க” என்றானாம், அவ்வளவுதான்.

மகள் ஓசூர் போய்விட்டாள். குளியலறையைச் சரிசெய்ய சுகன்யா இன்னும் ஆள் கூப்பிடவில்லை. தினமும் காலையில் அது “எல்லாம் சாதாரணம்” என்கிறது. உடனே அந்தக் குரல் அமுங்கும்படி சுகன்யா குழாயைப் பெரிதாகத் திறந்துவிடும் சத்தம் எங்களுக்குக் கேட்கிறது.