ஆறிய குவியல்

பாலித்தீன் பையின் முடிச்சை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனாள்.

ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை, நெஞ்சு நிறைய இழுத்தாள். காற்று உள்ளே போனது. வேறெதுவும் போகவில்லை.

கொட்டகையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுத்தலைவி தவமணியக்கா. சாக்கு தைக்கிற பெண்கள். வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த மல்லிகைத் தோட்டக்காரர்.

ஊரின் செப்டிக் டேங்குகளை உறிஞ்சி வரும் லாரிகள் இங்கேதான் கொட்டுகின்றன. அந்த வண்டலைக் காயவைத்து, காய்கறிச் சந்தைக் குப்பையோடு கலந்து, குவித்து, எருவாக்கி விற்கிறது மகளிர் குழு. எரு பழுத்ததா என்று பார்க்க, ஒரு பிடி அள்ளி நனைத்துப் பையில் கட்டி வைப்பார்கள். சில நாள் கழித்து அவிழ்த்தால், பழுத்தது மண்ணாக மணக்கும்.

பழுக்காதது, எங்கிருந்து வந்தேன் என்று சொல்லிவிடும்.

அதை முகர்ந்து சொல்வது அவள் வேலை. அதற்காகவே அவளை வைத்திருந்தார்கள்.

மழைக்கு முன்னால் வந்த காய்ச்சல் போய்விட்டது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது.

யாரிடமும் சொல்லவில்லை.

அடுப்பில் பால் தீய்ந்தபோது பக்கத்திலேயே நின்றிருந்தாள். தன் மேல் நாற்றம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. வேலை முடிந்து இரண்டு தடவை குளித்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தால், காரணம் தானா என்று தெரியாமல் ஊர் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை நாளும் கை காப்பாற்றியது. பழுக்காத குவியல் உள்ளுக்குள் கொதிக்கும். பழுத்தது ஆறிவிடும். இரும்புக் கம்பியைக் குவியலில் செருகி, உருவி, உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பாள்.

இன்று காலை கம்பி குளிர்ந்திருந்தது.

"மண் வாசந்தான்க்கா" என்றாள்.

தவமணியக்கா தோட்டக்காரரிடம் திரும்பினாள். "அவ மூக்கு கலெக்டர் கையெழுத்து மாதிரிங்க. மாறாது."

"அதான் வேணும்" என்றார் அவர். "கக்கூஸ் எரு வாங்கப் போறான்னு டீக்கடையில சிரிக்கிறாய்ங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். பூப்பறிக்கிற பொம்பளைக செடிக்குள்ள மொகத்த விட்டுப் பறிக்கணும்ல. மூக்கப் பொத்திக்கிட்டா பறிப்பாளுக?"

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எரு அவர் தோட்டத்துக்குப் போனால், அந்தப் பக்கத்து மல்லிகைக்காரர்கள் எல்லோரும் வாங்க வருவார்கள். போகாவிட்டால், கொட்டகையை இழுத்து மூடிவிடலாம் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது.

சாக்குகள் டிராக்டரில் ஏறின.

காலியான இடத்தைப் பெருக்கும்போது அவள் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூரைத் தகரம் விலகியிருந்தது. குவியல் இருந்த இடத்துக்கு நேர் மேலே.

இரவெல்லாம் பெய்த மழை.

குவியல் ஆறவில்லை. நனைந்திருக்கிறது.

வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

மூடிக்கொண்டாள்.

தோட்டக்காரர், வீட்டம்மாவிடம் காட்ட ஒரு பிடி தனியாக வேண்டும் என்று ஒரு சாக்கின் தையலைப் பிரித்தார். கையை உள்ளே விட்டார். அள்ளி, முகத்தருகே கொண்டுபோனார்.

கையில் இருந்ததைச் சாக்கிலேயே போட்டார். தண்ணீர் கேட்டார். கழுவினார். சோப்பு கேட்டார். மறுபடி கழுவினார்.

"இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்மா."

சாக்குகள் இறங்கின. டிராக்டர் சும்மா போனது.

தவமணியக்கா பிரித்த சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்து, அதே கையை அவள் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"என்ன வாசம், புள்ள?"

அவள் தவமணியக்காவின் முகத்தில் விடையைத் தேடினாள். அங்கே இல்லை.

"மண்ணு..."

கை இறங்கியது.

திட்டுவாள் என்று நின்றாள். திட்டவில்லை. தவமணியக்கா யோசித்துக்கொண்டிருந்தாள். சாக்கு தைப்பவர்களைப் பார்த்தாள், குவியல்களைப் பார்த்தாள், வெளியே லாரி வந்து கொட்டும் தொட்டியைப் பார்த்தாள்.

அந்தத் தொட்டியின் வாயில் ஒரு கம்பிவலை. குழாய் வழியே வரும் துணி, நாப்கின், எல்லாம் அதில் அடைத்துக்கொள்ளும். லாரி கொட்டக் கொட்ட ஒருவர் பக்கத்தில் நின்று வாரி எடுக்க வேண்டும்.

"அங்க யாரப் போட்டாலும் மறுநாளே ஓடிர்றாளுக" என்றாள் தவமணியக்கா. குரலில் கோபம் இல்லை. ஒரு கஷ்டம் தீர்ந்த மாதிரி இருந்தது. "நாளையிலருந்து நீ நில்லு. ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியப்போறதில்லையே."

சாக்கு தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, நல்ல யோசனை என்று தலையாட்டினாள்.

காலையில் முதல் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. டிரைவர் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். குழாயை மாட்டினான். வால்வைத் திறந்தான்.

பழுப்பாக வந்து விழுந்தது. நுரைத்தது. அவள் நீளக் காம்பு போட்ட வாரியோடு விளிம்பில் நின்றாள். கால் மேல் தெறித்தது.

டிரைவர் எட்டப் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து அவளுடைய மூடாத முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் வாரியைச் சுவரில் சாய்த்தாள். முந்தானையை எடுத்து மூக்கைச் சுற்றி, மூச்சு முட்டும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.