விளக்கம் கேட்டவர்

"வருஷம் முழுக்க ஒரே பாட்டு. அதுலயும் முதல் நாலு வரி. இதுக்குப் பேரு பாடம் நடத்தறதா?"

வக்கீல் மேஜையைத் தட்டிய வேகத்தில் தலைமையாசிரியையின் தம்ளரில் தண்ணீர் தளும்பியது.

எதிரே வயலின் டீச்சர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணும் என் பொண்ணும் ஒண்ணாத்தான் வயலினைக் கையில எடுத்தாங்க. அவ வேற ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு மேடை ஏறிட்டா. இவ இன்னும் அதே நாலு வரியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. எங்க வீட்டுச் சுவருக்கே அது மனப்பாடம்."

"டீச்சர், நீங்க விளக்கம் கொடுத்துதான் ஆகணும்" என்றார் தலைமையாசிரியை. பழைய இலக்கண நூல் ஒன்றுக்கு உரை எழுதிப் பேர் வாங்கியவர்.

"பாட்டோட முதல் பகுதியை எடுப்புன்னு சொல்லுவோம் மேடம். பாட்டு என்ன சொல்ல வருதோ, அதை அங்கேயே எடுத்து வச்சிடும். அது உடம்புல ஊறிட்டா மிச்சம் தானா வரும். எங்க தொழில்ல விளக்கம்னா அதுதான்."

"நல்ல கதை. எங்க கோர்ட்டுல விளக்கம்னா கேட்ட கேள்விக்கு நேர் பதில்" என்றார் வக்கீல். "மத்த பிள்ளைங்களுக்கு நிறையப் பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"அப்ப என் பொண்ணு மேல மட்டும் உங்களுக்கு என்ன விரோதம்?"

டீச்சர் வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் வக்கீலின் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

நிர்வாகக் குழுவில் ஒருவரான சமயப் பேச்சாளர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நான் வாராவாரம் வேதத்துக்கு விளக்கம் சொல்றவன். எவ்வளவு பெரிய மறைபொருளா இருந்தாலும், மனசு சுத்தமா இருந்தா வார்த்தை தானா வந்துடும். வரலைன்னா..."

"வரலைன்னா மடியில கனம் இருக்குன்னு அர்த்தம்" என்று முடித்து வைத்தார் வக்கீல்.

தலைமையாசிரியைக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு வரிக்கு நான் நாலு பக்கம் உரை எழுதுறேன் டீச்சர். நீங்க ஒரு வரி சொல்லக்கூடாதா?"

"காரணம் இருக்கு மேடம். ஆனா அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல. கொஞ்சம் அவகாசம் கொடுங்க."

"அவகாசமா?" வக்கீல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஒரு வருஷம் கொடுத்தாச்சே, போதாதா? பதில் இல்லைன்னா தப்பை ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். இவங்க இங்க இருக்கற வரைக்கும் நான் விடப்போறதில்ல. மேலிடம் வரைக்கும் போவேன்."

போன வாரம்தான் இதே வக்கீல், 'என் கட்சிக்காரர் வாய் திறக்காததைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது' என்று வாதாடி ஜெயித்திருந்தார். அது கோர்ட். இது பள்ளிக்கூடம்.

"வேண்டாம் சார். மேல போனா உங்க பொண்ணைக் கூப்பிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. நானே விலகிக்கிறேன்" என்றார் டீச்சர்.

வெளியே போகும்போது அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே நின்று, அவள் மோவாயை நிமிர்த்தி, ஏதோ நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"போற போக்குல என்ன பாசம் பாருங்க. எல்லாம் வேஷம்" என்றார் வக்கீல்.

காரில் அவருக்கு வாய் ஓயவில்லை. மகளோ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பாப்பா, உன்கிட்டதான் பேசறேன்!"

அவள் திரும்பினாள்.

"உங்க டீச்சர் வேலையை விட்டுட்டாங்க. இனிமே உனக்கு நல்ல டீச்சரா பார்க்கலாம்."

"எதுக்கு விட்டாங்க?"

"விளக்கம் கேட்டோம். சொல்லத் துப்பில்ல."

"நான்தான்பா சொல்லக்கூடாதுன்னு கெஞ்சியிருந்தேன்."

"எதை?"

"எனக்குக் காது கொஞ்சம் கொஞ்சமா போயிட்டு இருக்குப்பா."

வக்கீல் காரை ஓரம் கட்டினார்.

"குனிஞ்சு வயலின் மேல தாடையை அழுத்தி வச்சா மரம் அதிர்றது எலும்புல தெரியும். அந்த அதிர்வை வச்சுத்தான் ஒவ்வொரு சுரமாப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. மத்தவங்க ஒரு நாள்ல பிடிக்கறதுக்கு எனக்கு மாசக்கணக்கா ஆச்சு. ஒரு தடவைகூட அவங்க சலிச்சுக்கல. 'அப்பாகிட்ட சொல்லிடு, டாக்டரைப் பார்க்கணும்'னு தினம் தினம் சொல்லுவாங்க. முழுப் பாட்டையும் வாசிச்சுக் காட்டிட்டு நானே சொல்றேன்னேன். முன்னாடியே தெரிஞ்சா நீங்க வயலினைப் பிடுங்கி வச்சிடுவீங்கன்னு பயம்."

"ஆனா வீட்டுல நான் பேசறதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொல்றியே!"

"நீங்க எப்பவும் கத்தித்தானேப்பா பேசுவீங்க."

இப்போது வக்கீலுக்குக் கத்த வரவில்லை. மகள் பக்கம் திரும்பாமலே, மெல்லக் கேட்டார்:

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"என்னப்பா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."