தெரியாதவள்

அவன் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தான். ஃபிரிட்ஜ் வரைக்கும் இழுத்துப் போய், அவள் கையைத் தூக்கி மேலே நீட்டிவிட்டான்.

மேலே முறுக்கு டப்பா.

“என்ன வேணும் சாமி?” என்றாள்.

தெரியாமலா கேட்டாள்? பாயைவிட்டு அவன் எழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்றரை வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளை. அவன் நினைத்து முடிப்பதற்குள் அவள் கொண்டுவந்து நீட்டிவிடுவாள். ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து வரும் அவன் அப்பாகூட, பிள்ளைக்கு என்ன வேண்டுமாம் என்று அவளிடம்தான் கேட்பார்.

அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே. வேறு என்ன இருந்தது அவளுக்கு?

அதில்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெனிட்டா மிஸ் கை வைத்துவிட்டார்.

“நீங்க சட்டுனு புரிஞ்சுக்கறீங்கக்கா. அப்புறம் அவன் எதுக்குப் பேசணும்? கொஞ்ச நாளைக்குத் தெரியாத மாதிரியே இருங்க.”

இதை யாரிடம் சொல்லி அழுவது? மாமியாரிடம் சொன்னால், பெத்த பிள்ளைக்கு ஒரு முறுக்கு எடுத்துக் கொடுக்க என்ன கேடு என்பார். அப்படிக் கேட்டால் தப்பும் இல்லை.

அவன் மறுபடி அவள் கையைத் தூக்கினான்.

அவள் மறுபடி கேட்டாள்.

வீறிட்டான். தரையில் விழுந்து தலையை மோதினான். அவள் ஓடிப்போய் உள்ளங்கையைத் தலைக்கும் தரைக்கும் நடுவில் கொடுத்தாள். அதை மட்டும் மிஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. விரல்கள் நசுங்கின. எட்டி எடுக்க ஒரு நொடி ஆகாது.

எடுக்கவில்லை, பாவி.

அழுகை நின்றது.

அழுதபோதுகூடத் தாங்கிக்கொண்டாள். இப்போதுதான் முடியவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு பெரிய உலகத்தில் அவனைப் புரிந்துகொள்ள ஒருத்தி இருந்தாள். அவளும் இனி இல்லை என்று முடிவு கட்டிவிட்டான் போலிருந்தது.

டேய், எனக்குத் தெரியும்டா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து எழுந்து வந்தான்.

இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். யார் கண்ணையும் பார்க்காத பிள்ளை. அவள் கண்ணைப் பார்த்தான்.

“மு” என்றான்.

அவள் அசையவில்லை. அசைய முடியவில்லை.

பாவம், இவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ. இன்னும் மெதுவாக, பொறுமையாகச் சொன்னான்.

“மு... க்கு.”

டப்பாவை எப்படி எடுத்தாள், எப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சிரித்தாள். மூக்கைச் சிந்தினாள். ஓடிப்போய்ச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லை.

அவன் நொறுக் நொறுக்கென்று தின்று முடித்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

தண்ணீருக்குத்தான்.

அவள் ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தாள்.