நின்றால் நிற்கும் தெரு

காய்ச்சலுக்குப் போட்ட ஊசி காதுக்குள் எதையோ கெடுத்துவிட்டதிலிருந்து, நடந்தால் மணிவண்ணனின் கண்ணில் உலகமே குதிக்கிறது. தான் ஆட்டோ ஓட்டிய தெருவில் இப்போது மனைவி சம்பூர்ணத்தின் தோளைப் பிடித்து நடக்கிறான். தறியில் ஏற்றத் தெரு நீளத்துக்கு நூல் நூலாய் இழுத்துக் கட்டிய சிவப்புப் பட்டுப்பாவு அலையடிக்கிறது; கோபுரம் துள்ளுகிறது. முடியாமல் நிற்கிறான். எல்லாம் நிற்கிறது. சம்பூர்ணம் இடுக்கியிருந்த கோழியைக் கை மாற்றுகிறாள். அதன் உடம்பு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக, தலை மட்டும் அந்தரத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கிறது. “அதுக்குத் தல ஆடுதா பாரு. எனக்குத்தான் இப்படி ஆயிப்போச்சு.” “உனக்கு சூப்பு வைக்கத்தான்யா வாங்கினேன். வா, இன்னும் பத்தடிதான்.” அவன் அசையவில்லை. நின்றால்தான் அவள் முகம் தெரிகிறது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள்.