கண்ணளவு

“சார், முதுகு வலின்னு மனு கொடுத்தது இந்த அக்காதானே?”

அளவெடுக்க வந்த பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“ஆமா. அதுக்கென்ன?” என்றார் மேலதிகாரி.

“மதியத்துலேர்ந்து குனியவே மாட்டேங்கிறாங்களே. வலி இருக்கிறவங்க மாதிரியே தெரியலை.”

“கண்ணுக்குத் தெரியறதைக் குறி. ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.”

அது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். துவைத்த ஈரத் துணி ஆழமான தள்ளுவண்டிகளில் வந்து நிற்கும். அடியில் கிடப்பதை எடுக்க வேண்டுமானால் இடுப்போடு வளைந்து உள்ளே தலையை விட வேண்டும். துணி குறையக் குறைய அடித்தட்டு தானாக மேலே எழும்பும் புது வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தாள் பெரியக்கா. அங்கே எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அந்தப் பெயர்.

நிஜமாகவே அவ்வளவு குனிகிறார்களா என்று யாராவது பார்த்துச் சொல்லட்டும், பிறகு வாங்கலாம் என்றது நிர்வாகம். பார்த்துச் சொல்ல வந்தவர்கள்தான் இவர்கள் இருவரும்.

கருவி எதுவும் கிடையாது. முதுகு எவ்வளவு வளைகிறது என்று கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரே ஆளின் கண்ணை நம்பிவிட முடியாது என்பதால் இருவரும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

அப்படி ஒப்பிட்டதில்தான் அன்று காலை அந்தப் பெண்ணின் மானம் போயிற்று.

“நாற்பது டிகிரின்னு போட்டிருக்கே. அறுபதுக்குக் குறையாது. கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியா?”

“நான் கொஞ்சம் பின்னாடி தள்ளி நின்னேன் சார். பக்கவாட்டுல நின்னிருந்தா...”

“அவங்க நேரா நிக்கறப்ப மட்டும்தான் நீ குறிச்சதும் நான் குறிச்சதும் பொருந்துது. குனிஞ்சாங்கன்னா ஒண்ணுகூடப் பொருந்தலை. இப்படியே போனா உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

துணி மடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் சற்று நின்றுவிட்டு மறுபடி ஓடின. அவள் தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் வீட்டில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். இது போய்விட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

“காலையில எடுத்ததைப் பழகறதுக்குன்னு வச்சுக்கலாம். கிழிச்சுப் போட்டுட்டு மதியம் புதுசா ஆரம்பி,” என்றார் அவர்.

மதியத்திலிருந்து எல்லாம் பொருந்தத் தொடங்கியது. பெரியக்கா நிமிர்ந்து நின்று துணியை எடுத்தாள், நிமிர்ந்தே வைத்தாள். மற்றவர்களும் அப்படியே. இருவர் தாளிலும் ஒரே குறி. மறுநாளும் மாற்றமில்லை.

“பரவாயில்லையே, கண்ணு பழகிடுச்சு,” என்றார் மேலதிகாரி.

அவளுக்கு மனசு குளிர்ந்தது. கூடவே பெரியக்கா மேல் ஒரு கசப்பு. காலையில் குனிந்ததெல்லாம் நமக்குக் காட்டத்தானா? புது வண்டி கிடைக்கும் என்றால் இல்லாத வலியும் வந்துவிடுமா? ஆனாலும் அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி குறித்தாள்.

அறிக்கை போனது. முதுகு பெரிதாக வளைவதாகத் தெரியவில்லை. பார்த்த இருவரும் ஒன்றுபோலவே சொல்வதால் சந்தேகப்படவும் இடமில்லை. புது வண்டி தேவையில்லை என்று நிர்வாகம் பேச்சை முடித்துக்கொண்டது.

சில வாரங்கள் கழித்து, வேறொரு பிரிவில் அளவெடுக்க அவள் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சலவைக்கூடத்தைத் தாண்டிப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பெரியக்காவின் தலையும் தோளும் வண்டிக்குள் இருந்தன. ஒரு கை விளிம்பைப் பிடித்திருக்க, இன்னொரு கை அடியில் துழாவியது. ஈரப் போர்வையை இழுத்துக்கொண்டு பாதி நிமிர்ந்தவள், மீதி நிமிர முடியாமல் விளிம்பிலேயே சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இதைத் தப்பாகக் குறிக்க முடியாது.

“அக்கா...”

“அட, நம்ம பாப்பா. வா வா,” என்று இடுப்பைப் பிடித்தபடி சிரித்தாள் பெரியக்கா.

“அன்னிக்கு நிமிர்ந்தே எடுத்தீங்களே அக்கா.”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு அங்கே வாயாடி என்று பெயர். அவள் முந்திக்கொண்டாள். “அதுவா? மேல கிடக்கிறதை மட்டும் எடுத்துட்டு வண்டியை ஓரங்கட்டிடுவோம். அடியில கிடக்கிறதை நீங்க கிளம்பின பிறகு எடுத்தோம். ரெண்டு நாளும் நான் வீட்டுக்குப் போக நேரமாகி, மாமியார்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

“எதுக்குக்கா? நீங்க குனியறதைப் பார்க்கத்தானே நாங்க வந்தோம். குனிஞ்சிருந்தா வண்டி வந்திருக்குமே.”

வாயாடி பெரியக்காவைப் பார்த்தாள். பெரியக்கா போர்வையை உதறி மேசை மேல் போட்டாள்.

“தெரியும் கண்ணு. ஆனா நான் குனிஞ்சா நீ எழுதறது அவர் எழுதறதோட பொருந்தலையே. எல்லார் முன்னாடியும் உன்னை அந்தப் பேச்சுப் பேசினாரு. நிமிர்ந்து நின்னா பொருந்துதுன்னும் அவரே சொன்னாரு. அதான் எல்லாரையும் நிமிர்ந்து நிக்கச் சொன்னேன். வண்டி இல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டியாச்சு.”

அவள் வண்டிக்குள் குனிந்து, அடியில் கிடந்த அடுத்த துணியை எடுக்கக் கை நீட்டினாள்.

“அதை விடு,” பெரியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்னை வேலையில வச்சுக்கிட்டாங்கல்ல?”